ஒம்பது பவுனும் நூறு வெள்ளிப்பணமும்

ஒவ்வொரு வருசமும் ஈஸ்டர் கிட்ட வந்தா எங்கட மட்டக்களப்பில ஒரு கதை கட்டாயம் வரும். எங்கயோ இருந்து ஒரு ஆள் வந்து மைக்கப் புடிச்சு, சீயோன் சபை ஆக்கள் எல்லாரும் மன்னிச்சிட்டாங்க, என்ன பெரிய மனசு, உலகத்துக்கே சாட்சி எண்டு சொல்லிப்போட்டு, சாப்பிட்டுட்டு வாகனத்தில ஏறிப் போயிடுவார். எனக்கு அதக் கேக்கக்குள்ள சரியான எரிச்சல் வரும். மன்னிச்சவங்க இருக்காங்கதான், அத நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா 2019 ஏப்ரல் 21 காலம்பற சண்டே ஸ்கூல் முடிஞ்சு வெளிய வந்து சாப்பிட்டுக்கொண்டு நிண்ட பிள்ளைகள், தற்கொலைக் குண்டு வெடிச்சு 14 பிள்ளைகள் செத்த இடம் அது. அந்தத் தாய்மாருக்குப் பதிலா மன்னிக்கிறதுக்கு மைக் வச்சிருக்கிறவருக்கு ஆர் அதிகாரம் குடுத்த?

அந்தக் கதைக்குப் பின்னால இன்னொண்டும் ஒளிச்சிருக்கும். அதுதான் மன்னிச்சாச்சே, இனி என்னத்துக்கு விசாரணை, என்னத்துக்கு வழக்கு எண்டு. 2023 ஜனவரில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே, முன்கூட்டியே உளவுத் தகவல் வந்தும் தடுக்கல்ல எண்டு முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனாவ 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொல்லி, அந்த வழக்குக்குப் போனவங்கள்ல பிள்ளையப் பறிகுடுத்தவங்களும் இருந்தாங்க, ஒரு பாதரும் இருந்தார். அப்ப அவங்களுக்கு மன்னிக்கத் தெரியாதா?

இந்தக் கேள்விய நான் கனகாலம் மனசுக்குள்ள வச்சுக்கொண்டு திரிஞ்சன். குண்டு வெடிச்ச விசயத்தப் பத்திக் கதைக்க எனக்குத் தகுதி இல்ல, எங்கட வீட்டில ஆரும் சாகல்ல. எனக்குத் தெரிஞ்சது என்ட ஒம்பது பவுன்தான், அதனால அதப் பத்தித்தான் எழுதப் போறன், சின்ன விசயம் எண்டு நினைக்கிறவங்க இதோட கிறுகிப் போகலாம்.

2003ல எனக்குக் கல்யாணம். அம்மாட வீடு பாண்டிருப்பில, எங்கட பக்கத்து வழக்கப்படி அது மூத்த மகளுக்கு, அக்காக்கு, சீதனமாப் போயிட்டு. எனக்கு வீட்டுக்குப் பதிலா நகை, மறுகா கல்லடியில ஒரு துண்டு வளவு. பதக்கத்தோட ஒரு மாலை, ரெண்டு சோடிக் காப்பு, ஒரு நெக்லஸ், தோடு, எல்லாமாச் சேத்து ஒம்பது பவுன். அடுத்த வருசம் சுனாமி. டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை தானே, சேச்சுக்குப் போக வெளிக்கிட்டு நகையெல்லாம் போட்டுக்கொண்டு நிண்டன், தண்ணி வருது எண்டு கத்தினதும் அப்பிடியே வாவிப் பக்கம் ஓடினதுதான். வீட்டுல ஒரு சட்டி மிஞ்சல்ல, ஆனா நகை முழுக்க என்ட மேலயே இருந்திச்சு. கடல் எடுக்காத நகை எண்டு அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

2011ல அத்தான் கட்டாருக்குப் போக ஏஜென்சிக்குக் காசு கட்ட வேணும் எண்டு அக்கா வந்தா. அவட நகை ஏற்கனவே அடகுல. ரெண்டு வருசத்துல மீட்டுத் தாறன் புள்ள, உன்ட நகையில ஒரு குண்டுமணி குறையாது எண்டா. எழுத்து ஒண்டும் வாங்கல்ல, சொந்த அக்காட்ட ஆர் எழுத்து வாங்குற? அவட பேரிலயே பேங்கில அடகு வச்சாச்சு. அடகு எப்பிடி எண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல, தவணை முடியக்குள்ள வட்டியக் கட்டிப் புதுப்பிக்கணும், கட்டல்லையெண்டா கடிதம் வரும், பேப்பர்ல போடுவாங்க, மறுகா ஏலம். அந்தக் கடிதமெல்லாம் அக்காட விலாசத்துக்குத்தான் போயிருக்கு. அத்தான் போனார், காசும் அனுப்பினார், அவங்கட வீட்டுக்கு மேல் மாடி ஒண்டு எழும்பிச்சு. நான் கேக்கிற நேரமெல்லாம் வட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறன் எண்டா.

2018ல என்ட மகள் பெரியபிள்ளையானா. சாமத்தியச் சடங்குக்குப் போடுறதுக்கு நகை வேணும், நானே காசப் பெரட்டி மீக்கிறன், அடகுத் துண்டத் தா எண்டு போய்க் கேட்டன். அக்கா அடுப்படியில நிண்டுகொண்டு, முகத்தத் திருப்பாம, அது ஏலத்தில போயிட்டு எண்டா. எப்ப? அது எப்பவோ. நான் அழுதன், கத்தினன், அப்பதான் அவ அந்த வார்த்தையச் சொன்னா: "நீயாத்தானேகா தந்த, நானா பறிச்ச?"

நகை போனது ஒரு பக்கம். அந்த வார்த்தைதான் எனக்குள்ள இறங்கி இருந்திட்டு.

அதுக்குப் பொறகு என்ன நடந்த எண்டா, நான் தங்க விலை பாக்கிற மனிசியா மாறினன். உண்மையாச் சொல்றன், காலம்பற எழும்பி வேதத்தத் திறக்க முந்தி போன்ல தங்க விலை பாப்பன். ஏறினா வயிறு எரியும், இறங்கினாலும் ஒரு சந்தோசமும் வராது. 2022ல டொலர் 200 ரூபால இருந்து 360 தாண்டிப் போகக்குள்ள பவுன் விலையும் சேர்ந்து பாஞ்சிச்சே, ஊர் முழுக்க எரிவாயுக்கும் மண்ணெண்ணைக்கும் வரிசையில நிக்கிது, நான் வரிசையில நிண்டுகொண்டு ஒம்பதாப் பெருக்கிக்கொண்டு நிக்கிறன். கறிக்கு உப்புப் போட்டனா இல்லையா எண்டு ஞாபகம் இருக்காது, போன மாசம் ஒம்பது பவுன் எவ்வளவு இந்த மாசம் எவ்வளவு எண்டு கேட்டா சதம் பிசகாமச் சொல்லுவன். என்ட புருசன் ஒருநாள் சொன்னார், "உன்ட அக்கா நகையத்தான் வித்தா, நீ உன்னையே அடகு வச்சிட்டாய்" எண்டு. அந்த நேரம் அவரோடயும் சண்டை புடிச்சன்.

சேச்சுக்குப் போகாம விட்டனா எண்டா, இல்ல. ஒரு ஞாயிறு தப்பாது. பரமண்டல ஜெபம் சொல்லக்குள்ள "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" எண்ட இடம் வந்தா வாய் அசையும், சத்தம் வராது. பக்கத்தில நிக்கிறவங்களுக்குத் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியும்.

2023 லெந்து நாட்கள்ல, ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலத்தில, எங்கட பெண்கள் ஐக்கியத்தில மத்தேயு 18 எடுத்தாங்க. ராஜாக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட வேலைக்காரன், அவனுக்கு எல்லாத்தையும் மன்னிச்சு விட்டாச்சு, அவன் வெளிய போய் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய கூட்டாளிட தொண்டைய நெரிச்சான். சின்ன வயசுல இருந்து கேட்ட கதை. கேட்ட பிரசங்கமெல்லாம் ஒரே மாதிரித்தான், உனக்கு மலையளவு மன்னிச்சாரே, நீ ஒரு சில்லறைக் காசுக்குச் சண்டை புடிக்கிறியே எண்டு. எனக்கு அதுல எப்பவும் ஒரு நெருடல் இருந்திச்சு, என்ட ஒம்பது பவுன் சில்லறையா?

பாஸ்டர் அம்மா அண்டைக்கு வேற மாதிரிக் கேட்டா. நூறு வெள்ளிப்பணம் எவ்வளவு காசு, ஆராவது கணக்குப் பாத்தீங்களா எண்டு. ஆரும் பாக்கல்ல. ரெண்டு அதிகாரம் தள்ளி 20ல திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்கள் கதை வருது, அதுல ஒரு நாள் கூலி ஒரு பணம். அப்ப நூறு வெள்ளிப்பணம் எண்டா நூறு நாள் கூலி. எங்கட பக்கம் வயல் வேலைக்குப் போற ஆளுக்கு ஒரு நாளைக்கு 2500 எண்டு வைப்பமே, ரெண்டரை லட்சம். ஒரு போகம் முழுக்க வேலை செஞ்ச காசு. "இயேசு அந்தக் காசச் சின்னக் காசு எண்டு சொல்லல்ல புள்ளையள், அது மெய்யான கடன், அவன் மெய்யாவே நட்டப்பட்டவன்" எண்டா.

எனக்கு அண்டைக்குத்தான் அழுகை வந்திச்சு. அதுவரைக்கும் எனக்கு மன்னிக்கச் சொன்ன எல்லாரும், மச்சாள்மார், பெரியம்மா, ஏன் சேச்சில ஒரு அண்ணனும் கூட, போனாப் போகுது விடு, தங்கம் தானே, செத்தாக் கொண்டு போவமா எண்டுதான் சொன்னவங்க. மன்னிக்கிற எண்டா நடந்தது ஒண்டுமில்ல எண்டு ஒத்துக்கொள்ற எண்டுதான் நானும் விளங்கி வச்சிருந்தன், அதனாலதான் ஏலாம இருந்திச்சு. பைபிள்ள அப்பிடி இல்ல. நட்டம் நட்டம்தான் எண்டு முதல்ல எழுதி வச்சிட்டுத்தான் மன்னிப்பப் பத்திக் கதைக்குது.

மற்றப் பக்கக் கணக்கையும் அவ விடல்ல. ஒரு தாலந்து கிட்டத்தட்ட ஆறாயிரம் நாள் கூலி. பதினாயிரம் தாலந்து எண்டா ஆறு கோடி நாள். வருசத்துல முன்னூறு நாள் வேலை செஞ்சாலும் ரெண்டு லட்சம் வருசம் வேணும். அந்த ஆள் ராஜாட்ட என்ன கெஞ்சுறான் எண்டு பாருங்க, பொறுமையா இரும், எல்லாத்தையும் குடுத்துத் தீக்கிறன் எண்டு! ரெண்டு லட்சம் வருசக் கடன தவணைக்குக் கட்டுவானாம். நாங்க எல்லாரும் சிரிச்சம். நானும் சிரிச்சன், சிரிச்சுக்கொண்டு இருக்கக்குள்ளதான் அது என்ட கதை எண்டு பட்டிச்சு. ஞாயிறு தவறாமப் போறன், தசமபாகம் குடுக்கிறன், பாட்டுக் குழுவில நிக்கிறன், இதெல்லாம் தவணை கட்டுறதுதானே, அப்பிடித்தான் நான் ஆண்டவரோட நடந்துகொண்டு இருந்திருக்கிறன், எனக்குப் பெரிசா ஒரு கடனும் இல்ல எண்ட நினைப்பில. குண்டு வெடிச்ச அண்டைக்கு, ஊரே ஆஸ்பத்திரிக்கு ஓடின அந்தக் காலம்பற, அக்காட நம்பர் என்ட போன்ல திருப்பித் திருப்பி வந்திச்சு. உயிரோட இருக்கிறமா எண்டு கேக்கத்தான் எடுத்திருக்கிறா. நான் பாத்துக்கொண்டு இருந்தன், எடுக்கல்ல. இவ இண்டைக்குக் கொஞ்சம் பதறட்டும் எண்டு நினைச்சன். அந்த நேரத்துல, அந்த நாள்ல, அப்பிடி ஒரு நினைப்பு வந்த மனசுக்கு ரெண்டு லட்சம் வருசம் போதுமா எண்டு தெரியா.

அண்டைக்கு ராத்திரி முழங்கால்ல நிண்டு கேட்டது அக்காவ மன்னிக்கப் பெலன் தாரும் எண்டு இல்ல, என்ன மன்னியும் எண்டுதான். மன்னிச்சார். அத எப்பிடித் தெரியும் எண்டு கேட்டா எனக்கு விளக்கத் தெரியா, சிலுவையில அதுக்குத்தானே தொங்கினார் எண்டு மட்டும்தான் சொல்லத் தெரியும். முதல் தடவையா என்ட தவணைப் புத்தகத்த மூடி வச்ச மாதிரி இருந்திச்சு.

அக்காட விசயம் அதோட முடிஞ்சிட்டு எண்டு நினைச்சிடாதீங்க. அடுத்த நாள் காலம்பற கை போன்லதான் போச்சு, தங்க விலை பாக்க. சாட்சி சொல்ற சில பேர் ஒரு ஜெபத்தோட பாரம் எல்லாம் பறந்து போன மாதிரிச் சொல்லுவாங்க, அவங்களுக்கு அப்பிடி நடந்திருக்கும். எனக்கு அப்பிடி இல்ல. எனக்கு உதவினது 1 பேதுரு 2ல இருக்கிற ஒரு வசனம், இயேசுவப் பத்தி: "நியாயமாய்த் தீர்ப்புச்செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார்." அவரத் திட்டினாங்க, அடிச்சாங்க, அவர் திருப்பிச் செய்யல்ல, ஏன் எண்டா நியாயம் வேணாம் எண்டு இல்ல, நியாயத்தத் தீக்கிற ஆள் மேல இருக்கிறார் எண்ட நம்பிக்கையில. எனக்கு இதுதான் திறப்பு. இவ்வளவு காலமும் என்ட மனசுக்குள்ள நானே பொலிஸ், நானே லோயர், நானே நீதவான், ஒவ்வொரு நாளும் அதே வழக்கு, அதே தீர்ப்பு, தண்டனை மட்டும் நிறைவேத்த ஏலாது. அந்த வேலைய விட்டிட்டன். விலை பாக்கக் கை போகக்குள்ளயெல்லாம், ஆண்டவரே இது உங்கட கோட்டுல கிடக்கிற கேஸ், நான் தலையிடல்ல எண்டு சொல்லுவன். சில நாள் பக்தியாச் சொல்லுவன், சில நாள் கோபத்தோட, என்னத்தயாவது செய்ங்க எண்டு சொல்லுவன். அவர் ரெண்டையும் கேட்டார் எண்டுதான் நினைக்கிறன். ஆண்டவர நம்புறது எண்டா சுகம் வரும், விசா கிடைக்கும் எண்டு நம்புறது மட்டும்தான் எண்டு இருந்த எனக்கு, அவர் நியாயமான நீதிபதி எண்டு நம்புறதுதான் ஆகக் கஷ்டமான நம்பிக்கையா இருந்திச்சு.

இந்த இடத்துலதான் எனக்கு அந்தப் பழைய கேள்விக்கும் பதில் விளங்கினது. இந்தியாவில கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் எண்ட அவுஸ்திரேலிய அம்மாவ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவட புருசன் கிரகாம் ஸ்டெயின்ஸ் ஒரிசாவில தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செஞ்சவர். 1999 ஜனவரில ஒரு இரவு, மனோகர்பூர் எண்ட ஊர்ல வாகனத்துக்குள்ள படுத்திருந்த அவரையும் பத்து வயசு, ஆறு வயசு ரெண்டு மகன்மாரையும் உயிரோட கொளுத்திட்டாங்க. அந்த அம்மா மன்னிக்கிறன் எண்டு சொன்னா, நாட்ட விட்டு ஓடாம பாரிபதாவில அந்த நோயாளிகளோடயே இன்னும் சில வருசம் நிண்டா. ஆனா வழக்கு வழக்கா நடந்திச்சு, கொளுத்தின கும்பலுக்குத் தலைமை தாங்கின ஆளுக்கு ஆயுள் தண்டனை, 2011ல இந்திய உச்ச நீதிமன்றமும் அத உறுதிப்படுத்திச்சு. அந்த அம்மா மன்னிச்சதால தண்டனை இல்லாமப் போகல்ல, தண்டனை கிடைச்சதால மன்னிப்பு பொய்யாகவும் இல்ல. மனசில இருக்கிற வழக்க அவ ஆண்டவர்ட்ட குடுத்தா, நாட்டுச் சட்டம் பாக்க வேண்டியத நாட்டுச் சட்டம் பாத்திச்சு. சீயோன் தாய்மார் நீதி கேக்கிறதும் அப்பிடித்தான், அதுல ஒரு முரணும் இல்ல. கொலைகாரனுக்கு எதிரா வழக்குப் பேசுறது வேற, அவண்ட ஊர் ஆக்கள் முழுப் பேரையும் வெறுக்கிறது வேற. குண்டுக்குப் பொறகு, குண்டு வச்ச கூட்டத்துத் தலைவன்ட ஊர் எண்டு, பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக் கடையில ஒண்டும் வாங்காதீங்க எண்டு எங்கட பக்கம் கதை போச்சே, அதுதான் தொண்டைய நெரிக்கிற வேலை. 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்ல தொழுதுகொண்டு நிண்ட ஆக்களச் சுட்டது அவங்களுக்கு மனப்பாடம், அதே வருசம் செப்டம்பர் 9 சத்துருக்கொண்டான்ல தமிழ் ஆக்களக் கொலை செஞ்சது எங்களுக்கு மனப்பாடம். கல்லடியில இருந்து பஸ்ஸில ஏறினா கல்முனை போய்ச் சேரும் வரைக்கும் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் கலந்துதான் வரும், ஒவ்வொரு ஊருக்கும் அதுஅதுட திகதி இருக்கு. இதெல்லாத்தையும் ஆர் தீர்த்து வைக்கிற, எனக்கு அக்காவோட கதைக்கவே அஞ்சு வருசம் எடுத்திச்சு.

ஓம், கதைச்சன். அந்த பஸ்ஸிலதான் ஏறிப் போனன், ஈஸ்டர் முடிஞ்ச கிழமை. மன்னிக்கிறன் எண்டு சொல்லத்தான் போனது, ஆனா வாசல்ல நிண்டதும் அந்த வார்த்தை சரியான திமிரா இருக்கும் போலத் தெரிஞ்சிச்சு, கேக்காதவங்களுக்கு மன்னிப்பக் கொண்டு போய் நீட்டுறது. அதனால குண்டு வெடிச்ச அண்டைக்கு நீ போன் எடுத்த நேரம் நான் பதில் சொல்லல்ல அக்கா, அது என்ட பிழை எண்டு மட்டும் சொன்னன். அவ கொஞ்ச நேரம் என்னப் பாத்திட்டு, "சாப்பிட்டியா?" எண்டு கேட்டா. அவ்வளவுதான். நகையப் பத்தி அவ இண்டு வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அத்தான் மட்டும் கட்டார்ல இருந்து லீவுல வந்த நேரம் என்னக் கண்டா எழும்பிப் பின் வளவுக்குப் போயிடுவார், அவருக்கு எல்லாம் தெரியும். சொல்லுவாங்க எண்டு நான் முதல்ல காத்துக்கொண்டு இருந்தன், மறுகா காத்துக்கொண்டு இருக்கிறதையும் விட்டிட்டன், ஏன் எண்டா அவங்க சொன்னாத்தான் எனக்கு விடுதலை எண்டா நான் இன்னும் அவங்கட கையிலதானே இருக்கிறன். பைபிள்ள யோசேப்பு, தன்ன வித்துப்போட்ட சகோதரங்களுக்குச் சொன்னானே, "நான் தேவனா" எண்டு, அது எனக்கு இப்ப நல்லாப் பிடிச்ச கேள்வி, ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம் என்னட்டயே கேட்டுக்கொள்ளுவன்.

அந்த யோசேப்பு அவங்கள நம்புறதுக்கு முந்தி சாக்குல பாத்திரத்த ஒளிச்சு வச்செல்லாம் சோதிச்சும் பாத்தான், அதையும் மறந்திடக் கூடாது. போன வருசம் அக்கா போன் எடுத்தா, சின்னதா ஒரு சாப்பாட்டுக் கடை போடப் போறாவாம், லோன் எடுக்க ஆள் பிணை வேணுமாம், நீ வந்து கையெழுத்துப் போடுவியா புள்ள எண்டு. எங்கட அவர் பக்கத்தில நிண்டு கையால வேணாம் வேணாம் எண்டு காட்டுறார். எனக்குச் சிரிப்புத்தான் வந்திச்சு. முந்தின நானா இருந்தா அந்த ஒம்பது பவுனையும் போன்லயே அவட தலையில கொட்டியிருப்பன், இல்லாட்டி நல்ல விசுவாசி எண்டு காட்டப் போய் கையெழுத்துப் போட்டுட்டு ராத்திரி முழுக்க நித்திரை இல்லாமக் கிடந்திருப்பன். "இல்லக்கா, பிணைக்கு மட்டும் நான் நிக்க மாட்டன்" எண்டன். கோபமே இல்லாமச் சொன்னன், எனக்கே அதிசயம். அவ "ம்" எண்டா, மறுகா மகள்ட படிப்பப் பத்திக் கேட்டா, கொஞ்ச நேரம் கதைச்சுப்போட்டு வச்சம்.

பிணைக்கு வேற ஆரையோ புடிச்சு லோன் எடுத்திட்டா. கடையும் போட்டாச்சு, கல்முனைக்குப் போற ரோட்டுல. அப்பத்தையும் சம்பலையும் குறை சொல்ல ஏலாது, அம்மாட கை அவக்குத்தான் வந்திருக்கு. போன கிழமையும் போய் வாங்கினன், காசு வேணாம் எண்டா, எண்ணி வச்சிட்டுத்தான் வந்தன்.